மின்தடையைத் தாங்காத எம்பெடட் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எம்பெடட் துறையில், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிச் சிப்புகளுக்கு நிரல் எழுதும் துறையில், வேலைவாய்ப்பு பெருகுவது பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. கோவை, ஓசூர், சென்னை மூன்றிலும் ஆள் தேவை இருப்பது உண்மை. படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு ஆர்வத்திலும் குறைவில்லை. ஆனால் போர்டில் கரண்ட் இருக்கும்போது நிரல் என்ன செய்யும் என்பதை மட்டுமே அவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். கரண்ட் போகும் அரை விநாடியிலும் திரும்பி வரும் முதல் அரை விநாடியிலும் அது என்ன செய்யும் என்பது பாடத்தில் இல்லை. 8051 என்ற பழைய சிப்பின் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வயலிலிருந்தும் மில்லிலிருந்தும் பழுதாகித் திரும்பும் போர்டுகளில் நிரலால் கெட்டவற்றைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்த ஒரு விநாடியில்தான் கோளாறு இருக்கும்.

இன்டெல் 8051 வந்தது 1980இல். உள்ளே 4 கிலோபைட் நிரல் இடம், 128 பைட் ராம். அன்று நிரலை ஈப்ராம் சிப்பில் எழுதினோம். ஒரு வரியைத் திருத்த வேண்டுமானாலும் சிப்பைக் கழற்றி, அதன் கண்ணாடி ஜன்னல் வழியாகப் புற ஊதா விளக்கில் 15 முதல் 20 நிமிடம் காட்டி அழித்து, மறுபடி எழுதிப் பொருத்த வேண்டும். இன்று எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சிப்பில் 64 கிலோபைட் ஃப்ளாஷ், 20 கிலோபைட் ராம், 72 மெகாஹெர்ட்ஸ் வேகம். நிரல் ஏற ஓரிரு விநாடிதான். வரிக்கு வரி நிறுத்திப் பார்க்கும் டீபக்கர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இது பெரிய வரப்பிரசாதம். பழைய கஷ்டத்தைப் பெருமையாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் போர்டு கெடும் காரணங்கள் மாறவில்லை. தாழும் மின்னழுத்தம், கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்ச்) கக்கும் பொறி, நினைவகத்தில் பாதியில் நின்றுபோன எழுத்து, நிரம்பி வழியும் கவுன்ட்டர் ஆகியவைதான் அன்றும் இன்றும்.

நம் ஊருக்கு நெருக்கமான ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் புரியும். விவசாயக் கிணற்று மோட்டாருக்கு வைக்கும் மொபைல் ஸ்டார்ட்டர். உள்ளே நிரல் ஓடும் சிப்பான ஒரு மைக்ரோகன்ட்ரோலர், மொபைல் நெட்வொர்க்கோடு பேசும் ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், சிறு மின்காந்தச் சுவிட்சுகளான இரண்டு ரிலே, மூன்று ஃபேஸ் மின்னழுத்தத்தை அளக்கும் பகுதி, மின்னோட்டம் அளக்கும் சிடி காயில்கள். போன் செய்தால் மோட்டார் ஓட வேண்டும், தண்ணீர் வற்றினால் நிற்க வேண்டும், மும்முனை மின்சாரம் வந்ததும் தானாகத் தொடங்க வேண்டும். இறுதியாண்டு மாணவர்கள் இதை ஒரு வாரத்தில் மேசைமேல் ஓடவைத்துக் காட்டிவிடுவார்கள். வயலில் ஐந்தாண்டு ஓடவைப்பது வேறு வேலை.

முதலில் மின்சாரம் திரும்பி வரும் நேரம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். நேரடியாகத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர். 63 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் முழுச்சுமை மின்னோட்டமே ஒரு ஃபேசுக்குச் சுமார் 84 ஆம்பியர்தான். பத்து மோட்டார் ஒரே கணத்தில் தொடங்கினால் 450 ஆம்பியர். மின்னழுத்தம் படுத்துவிடும், கான்டாக்டர்கள் படபடவென்று விட்டுவிட்டுப் பிடிக்கும், இல்லையென்றால் ஃபியூஸ் போகும். அதனால்தான் மின்சாரம் வந்து பத்து விநாடி நிலையாக இருக்கிறதா என்று பார்த்து, அதன்மேல் 30 முதல் 300 விநாடிக்குள் ஏதாவது ஒரு தாமதம் கொடுத்துத் தொடங்க வேண்டும் என்பார்கள். இதைப் பலரும் நிரலில் எழுதுகிறார்கள். ஆனால் அந்த ‘ஏதாவது ஒரு’ எண்ணைத் தரும் ரேண்டம் ஃபங்ஷனுக்குத் தொடக்க எண் கொடுக்காவிட்டால், எல்லாப் போர்டிலும் அது ஒரே வரிசையில்தான் எண்களைத் தரும். ஒரே கம்பெனி ஸ்டார்ட்டர் பத்து வாங்கியிருந்தால், பத்தும் சேர்ந்து காத்திருந்து, பத்தும் ஒரே விநாடியில் தொடங்கும். மேசைமேல் ஒரே ஒரு போர்டை வைத்துச் சோதிக்கும்வரை இது தெரியவே தெரியாது. எஸ்டிஎம்32 வகைச் சிப்புகளில் ஒவ்வொன்றுக்கும் 96 பிட் தனி அடையாள எண் உண்டு; அதைத் தொடக்க எண்ணாகக் கொடுத்தால் போதும். அப்படி எண் இல்லாத சிப் என்றால் தயாரிப்பின்போதே வரிசை எண்ணை ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதிவிட வேண்டும்.

அடுத்து, மின்சாரம் போகும் நேரம். ஸ்டார்ட்டர் ஓடிய மணிக்கணக்கை ஈஈப்ராமில் சேமிப்பது வழக்கம். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால் நாளுக்கு 1,440 எழுத்து. ஏவிஆர் வகைச் சிப்பின் உள் ஈஈப்ராமுக்கு உற்பத்தியாளர் உறுதி சொல்வது ஒரு லட்சம் எழுத்து. கணக்குப் போட்டால் எழுபது நாள்கூட வராது. உடனே கெட்டுவிடாது, சில காலம் தள்ளும், ஆனால் உறுதி அவ்வளவுதான். இதற்குத் தீர்வாக எழுதும் இடத்தைச் சுழற்ற வேண்டும்: 64 இடம் ஒதுக்கி, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண்ணும், பதிவு கெடவில்லை என்று சரிபார்க்க உதவும் சிஆர்சி என்ற எண்ணும் சேர்த்து, அடுத்தடுத்த இடத்தில் எழுதிப்போக வேண்டும். எழும்போது சிஆர்சி சரியாக இருப்பவற்றில் வரிசை எண் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அந்த ஒரு பதிவு மட்டும் கெடும். முந்தையது பத்திரமாக இருக்கும்.

இதைவிடச் சிறந்தது, கரண்ட் போவதை முன்கூட்டியே அறிந்து ஒரே முறை எழுதுவது. 50 ஹெர்ட்ஸில் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை அலை பூஜ்யத்தைக் கடக்கிறது. நேரடி மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாக அந்தத் துடிப்பைக் கவனித்து, 25 மில்லி விநாடி வரை வரவில்லையென்றால் மின்சாரம் போய்விட்டது என்று முடிவு செய்யலாம். அந்தக் கணத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை எழுதுவது அல்ல. ஜிஎஸ்எம் மாட்யூலையும் ரிலேக்களையும் அணைப்பது. கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்னூட்டத்தைக் குடிப்பவை அவைதான். அவற்றை அணைத்தபின் சிப்பும் ஈஈப்ராமும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் தடத்திலிருந்து 7805 ரெகுலேட்டருக்கு 7 வோல்ட் வரை வேண்டும்; ஆக 5 வோல்ட் இறங்க இடம் உண்டு. 20 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, மின்னழுத்த இறக்கத்தால் வகுத்தால் 120 மைக்ரோ ஃபாரட். கணக்கு இத்துடன் முடிந்ததென்று 150 போடக்கூடாது. கரண்ட் போனதை உணர எடுக்கும் அந்த 25 மில்லி விநாடியும் இதே கெப்பாசிட்டரில்தான் கழிகிறது, அப்போது மாட்யூலும் ரிலேயும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை 200 மில்லி ஆம்பியர் எடுத்தால் அதற்கு மட்டுமே 1,000 மைக்ரோ ஃபாரட் வேண்டும். இந்தக் காரணத்தால் அனுபவமுள்ளவர்கள் மாட்யூலின் மின்பாதையை டயோடு போட்டுப் பிரித்து, சிப்புக்கென்று தனிக் கெப்பாசிட்டர் 470 மைக்ரோ ஃபாரட் வைப்பார்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி வெப்பம் கூடினால் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. சித்திரை வெயிலில் கிணற்றடி இரும்புப் பெட்டிக்குள் இருக்கப்போகும் பொருளுக்கு 105 டிகிரி வகைதான் பொருத்தம்.

மின்னழுத்தம் ஒரேயடியாகப் போகாமல் மெல்ல இறங்கும்போது வேறொரு ஆபத்து. ஏடிமெகா328 சிப் 16 மெகாஹெர்ட்ஸில் சரியாக ஓட 3.8 வோல்ட்டாவது வேண்டும். அதற்குக் கீழே அது நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. நிற்காது, தப்புத்தப்பாக ஓடும். எந்தக் கட்டளையை எங்கே தாவிச் செயல்படுத்தும் என்று சொல்ல முடியாது. ஈஈப்ராமில் எழுதும் பகுதிக்குள் தாவினால் சேமித்த அமைப்பு எண்கள் போச்சு. இதைத் தடுக்கத்தான் ப்ரவுன்அவுட் வசதி; மின்னழுத்தம் குறித்த நிலைக்குக் கீழே போனால் அது சிப்பை ரீசெட்டில் நிறுத்திவைக்கும். அந்தச் சிப்பில் 1.8, 2.7, 4.3 என்று மூன்று நிலைகள் உண்டு. 16 மெகாஹெர்ட்ஸுக்கு 4.3தான் வைக்க வேண்டும்; 2.7இல் வைத்தால் 3.8க்கும் 2.7க்கும் இடையில் காவல் இல்லை. இது நிரலில் எழுதும் வரி அல்ல, ஃபியூஸ் பிட்; அதாவது சிப்புக்குள் நிரலுக்கு வெளியே தனியாக எழுதும் அமைப்பு. தயாரிப்பில் சிப் எழுதுபவர் நிரலை மட்டும் ஏற்றிவிட்டு ஃபியூஸை விட்டுவிட்டால் போர்டு எல்லாச் சோதனையிலும் தேறும், முதல் ஆடிக்காற்றில் மின்சாரம் தள்ளாடும்போது கெடும். அமைப்பு எண்கள் கெட்டிருப்பது தெரிந்தால் மோட்டார் தானாகத் தொடங்கக்கூடாது என்பதையும் நிரலில் எழுதிவைக்க வேண்டும். கிணற்றின் அடியில் தண்ணீர் எடுக்க ஆள் இறங்கியிருக்கலாம்.

ஜிஎஸ்எம் மாட்யூலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி நிலையங்களில் இதற்கு வெறும் கட்டளைகளைத்தான் சொல்லித்தருகிறார்கள். 2ஜி மாட்யூல் சிக்னல் அனுப்பும்போது 577 மைக்ரோ விநாடி நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும், 4.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை இப்படி இழுத்துக்கொண்டே இருக்கும். சராசரி மின்னோட்டம் மல்டிமீட்டரில் 300 மில்லி ஆம்பியர் என்று சாதுவாகத் தெரியும். டவர் தூரமாக இருக்கும் கிராமத்தில்தான் மாட்யூல் முழுச் சக்தியில் அனுப்பும். ஆய்வகம் நகரத்துக்குள் இருப்பதால் அங்கே பிரச்சினை வராது. மாட்யூலின் மின்முனையில் 3.4 வோல்ட்டுக்குக் கீழே ஒரு கணம் தாழ்ந்தாலும் அது அணைந்துவிடும். மாட்யூலுக்கு ஒட்டினாற்போல் குறைந்த உள்மின்தடை கொண்ட 1,000 மைக்ரோ ஃபாரட், அகலமான செம்புத்தடம், நேர்த்தியான கிரவுண்ட் மூன்றும் வேண்டும். இன்னொன்று, சிம் கார்டில் சில பத்துக் குறுஞ்செய்திகளுக்குத்தான் இடம். கம்பெனி விளம்பரச் செய்திகள் வந்து வந்து நிரம்பியதும் விவசாயி அனுப்பும் ‘ஆன்’ செய்தி உள்ளே வராது. இரண்டு மாதம் நன்றாக ஓடிய ஸ்டார்ட்டர் திடீரென்று செவிடானதுபோல் இருக்கும். எழும்போது ஒருமுறையும், ஒவ்வொரு செய்தியைப் படித்தபின்னும் எல்லாச் செய்திகளையும் அழிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். மாட்யூலே உறைந்துபோனால் அதன் மின்சாரத்தை மைக்ரோகன்ட்ரோலர் முழுதாகத் துண்டித்து மறுபடி கொடுக்க, சுவிட்சாகச் செயல்படும் ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் இருக்க வேண்டும். ரீசெட் காலை மட்டும் இழுத்துப் பார்ப்பது எப்போதும் உதவாது.

மோட்டாரைக் காப்பதில் நிரல் எழுதுபவருக்கு மின்பொறியியல் தெரியாததால் வரும் இழப்பு அதிகம். ஓடும் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போனால் அந்த முனையில் மின்னழுத்தம் பூஜ்யமாகிவிடும் என்று எழுதியிருப்பார்கள். ஆகாது. சுழலும் மோட்டாரே அந்த முனையில் மின்னழுத்தத்தை உண்டாக்கிவிடும். மீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட இயல்பான எண்ணுக்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். அதற்குள் மற்ற இரண்டு சுருளும் சூடேறிக் கருகும். ஆகவே மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேசில், செலவைக் குறைக்க ஆர், பி ஆகிய இரண்டில் மட்டும் சிடி வைக்கிறார்கள். ஆர் அல்லது பி போனால் ஒரு சிடி பூஜ்யம் காட்டும், பிடித்துவிடலாம். ஒய் போனால்? ஆர் வழியாகப் போவது பி வழியாகத் திரும்புகிறது. இரண்டும் ஒரே அளவு காட்டும். அளவு மட்டும் பார்க்கும் நிரலுக்கு எல்லாம் சமநிலையில் இருப்பதுபோல் தெரியும். சுமை குறைவாக ஓடும் மோட்டாரில் ஓவர்லோடு எல்லையையும் தொடாமல் போகலாம். ஒன்று மூன்றாவது சிடி வேண்டும், அல்லது இரண்டு அலைகளுக்கும் இடையிலான கோணத்தை அளக்க வேண்டும்: சரியாக இருந்தால் 120 டிகிரி, ஒய் போனால் 180.

தண்ணீர் வற்றியதைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். மின்னோட்டம் குறைந்தால் ட்ரை ரன் என்று வைத்துவிடுகிறார்கள். சுமையில்லாமல் ஓடினாலும் இண்டக்‌ஷன் மோட்டார் காந்தப்புலத்துக்காக நல்ல அளவு மின்னோட்டம் எடுக்கும். மேலும் மின்னழுத்தம் ஏறி இறங்க அதுவும் மாறும். வரம்பைச் சற்று ஏற்றி வைத்தால் தண்ணீர் இருக்கும்போதே நிற்கும். இறக்கி வைத்தால் வற்றியபின்னும் ஓடும். மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு எவ்வளவு பின்தங்குகிறது என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டரைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். சுமையில் 0.8 அளவில் இருப்பது வறண்டதும் 0.4 அளவுக்கு விழும். அலை 20 மில்லி விநாடி, 0.8 என்றால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு 2 மில்லி விநாடி பின்தங்கும், 0.4 என்றால் 3.7 மில்லி விநாடி. ஒரு மைக்ரோ விநாடி எண்ணும் டைமர் உள்ள எந்தச் சிப்புக்கும் இதை அளப்பது எளிது. கூடுதல் பாகம் ஒன்றுகூட வேண்டாம். சிடியிலிருந்து வரும் அலையையும் மின்னழுத்த அலையையும் இன்டரப்டில் (ஓடும் நிரலை இடைமறித்து உடனே ஓடும் சிறு பகுதி) பிடித்தால் போதும். தூய்மையான அலை வராத இடத்தில் பத்துப் பதினாறு அளவுகளின் நடு எண்ணை எடுக்க வேண்டும், சராசரியை அல்ல. ஒரு பொறி வந்தால் சராசரி முழுவதும் கெடும்.

பொறி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அந்த ஸ்டார்ட்டருக்குள்ளேயே இருக்கும் கான்டாக்டரின் காயிலிலிருந்து. ரிலே திறக்கும்போது காயில் ஆயிரக்கணக்கான வோல்ட் எதிர் மின்னழுத்தத்தைக் கக்கும். மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகும் அல்லது திசைமாறும். 415 வோல்ட் காயிலுக்கு நேர் குறுக்கே மிகை மின்னழுத்தத்தை உறிஞ்சும் 510 வோல்ட் ஏசி வகை வேரிஸ்டரும், 100 ஓம் ரெசிஸ்டரோடு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் போட வேண்டும். அந்தக் கெப்பாசிட்டர் 440 வோல்ட் ஏசி தாங்கும் பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 275 வோல்ட் வகையைப் போட்டால் சில மாதத்தில் வெடிக்கும். இவற்றைப் போர்டில் வைப்பதைவிடக் காயில் முனையிலேயே கட்டுவது நல்லது. கம்பியின் நீளமே ஆன்டெனாவாகிவிடுகிறது.

குறித்த நேரத்துக்குள் நிரல் தட்டிக்கொடுக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமர் இருப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் மாணவர்களிடம் இருக்கிறது. டைமர் இன்டரப்டுக்குள் வைத்து அதைத் தட்டிக்கொடுத்தால் அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். முக்கிய நிரல் செத்துக்கிடந்தாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அளவீடு, ஜிஎஸ்எம், மோட்டார் கட்டுப்பாடு என்று ஒவ்வொரு பகுதியும் தன் வேலையை முடித்ததும் தனக்குரிய கொடியை ஏற்ற வேண்டும். எல்லாக் கொடியும் ஏறியிருந்தால் மட்டும், ஒரே ஒரு இடத்தில், வாட்ச்டாக்கைத் தட்ட வேண்டும். எழுந்தவுடன் எதனால் ரீசெட் ஆனது என்று சொல்லும் ரெஜிஸ்டரைப் படித்து, மின்சாரம் போனதா, ப்ரவுன்அவுட்டா, வாட்ச்டாக்கா என்று தனித்தனியே எண்ணிச் சேமிக்க வேண்டும். பழுதாகித் திரும்பும் போர்டில் இந்த மூன்று எண்ணும் இருந்தால் பாதிப் பரிசோதனை முடிந்தது. 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனபோது பூமியிலிருந்தே காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு, நிகழ்வுகளைப் பதியும் வசதியைப் கலத்தோடு போன நிரலிலும் விட்டுவைத்திருந்தது பெரிய உதவி. முன்னுரிமை குறைந்த ஒரு பணி பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, நடுத்தரப் பணி இடையில் புகுந்து, உயர்ந்த பணி காத்துக் கிடந்தது. வாட்ச்டாக் எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் உயர்ந்த பணியின் முன்னுரிமையைக் கொடுக்கும் ஒரு அமைப்பை இயக்கியதும் சரியானது.

கவுன்ட்டர் நிரம்பி வழிவதைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரி இருக்கும். அதன் கனம் தெரிவதில்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அதிலிருந்த குறைகளில் ஒன்று: சரிபார்ப்பு வேண்டும் என்று காட்டும் ஒரு பைட் கொடியை 1 என்று வைக்காமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 256ஆவது சுற்றில் அது பூஜ்யமாகும். அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் சரிபார்ப்பே நடக்காது. 2015இல் போயிங் 787 விமானங்களின் மின்னாக்கக் கட்டுப்பாட்டுக் கருவியை 248 நாள் தொடர்ந்து அணைக்காமல் வைத்தால் செயலிழக்கும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. விநாடியில் நூறில் ஒரு பங்கை 32 பிட் குறியுள்ள எண்ணில் எண்ணினால் அது நிரம்ப 248 நாள்தான் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாணவர்கள் பயன்படுத்தும் ஆர்டினோ போர்டில் மில்லி விநாடி எண்ணும் கவுன்ட்டர் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. ‘இப்போதைய நேரம், முடிவு நேரத்தைவிடப் பெரிதா’ என்று ஒப்பிட்டால் அன்று தவறும். ‘இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால் வருவது இடைவெளியைவிடப் பெரிதா’ என்று குறியில்லா எண்ணில் ஒப்பிட்டால் என்றும் தவறாது.

ஐம்பது நாள் காத்திருந்து சோதிக்க யாருக்கும் பொழுதில்லை. லினக்ஸ் கெர்னலில் இதற்கு அழகான ஏற்பாடு இருக்கிறது. அதன் நேரக் கவுன்ட்டர் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. நிரம்பி வழிய ஐந்து நிமிடம் இருக்கும் எண்ணில் தொடங்குகிறது. கணினியை இயக்கிய ஐந்தாவது நிமிடமே வழிந்துவிடும், எழுதியவர் கண் முன்பாகவே கோளாறு தெரிந்துவிடும். இதை எந்தச் சின்ன போர்டிலும் ஒரே வரியில் செய்யலாம். கல்லூரிகளில் சொல்லித்தர வேண்டிய வரி அது.

8 பிட் சிப்பில் 16 பிட் எண்ணை இரண்டு தவணையில்தான் படிக்க முடியும் என்பதும் இதே இனம். இன்டரப்ட் ஒன்று 255ஐ 256 ஆக்கும் கணத்தில் முக்கிய நிரல் கீழ் பைட்டைப் பழையதாகவும் மேல் பைட்டைப் புதியதாகவும் படித்தால் கிடைப்பது 511. லட்சத்தில் ஒருமுறை வரும், மோட்டார் காரணமில்லாமல் நிற்கும், யாராலும் மறுபடி வரவழைக்க முடியாது. படிக்கும் நேரத்தில் இன்டரப்டை நிறுத்தி வைக்க வேண்டும். எண்ணை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் வாலட்டைல் என்ற சொல்லைப் போட்டால் போதும் என்று சில பயிற்சி நிலையங்களில் சொல்லித்தருவது தவறு.

2021இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது பலரும் எஸ்டிஎம்32எஃப்103க்குப் பதிலாகக் காலுக்குக் கால் பொருந்தும் ஜிடி32 சிப்பைப் போட்டார்கள். நல்ல சிப்தான். ஆனால் அதில் ஃப்ளாஷிலிருந்து கட்டளைகள் காத்திருக்காமல் வருவதால், வெறும் சுற்றுகளை ஓட்டித் தாமதம் உண்டாக்கிய நிரல்கள் வேகமாக ஓடித் தவறின. டைமரைக் கொண்டு தாமதம் அளந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. பழைய நிரலின் மூலத்தைத் தொலைத்துவிட்டு, சிப்பில் ஏற்றும் கோப்பை மட்டும் வைத்திருந்தவர்களுக்குத்தான் வழியே இல்லாமல் போனது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மூல நிரல், அதைத் தொகுத்த கம்பைலரின் அதே பதிப்பு, மேப் கோப்பு, ஃபியூஸ் அமைப்பு, போர்டு வரைபடம் ஐந்தையும் ஒரே உறையில் இரண்டு இடத்தில் வைப்பது பதினைந்து ஆண்டு விற்கும் பொருளுக்கு அவசியம்.

இனி கேட்டுக்கொள்ள வேண்டியது. பொறியியல், பாலிடெக்னிக் ஆய்வகங்களில் மூன்று சோதனைகளைக் கட்டாயமாக்க வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஐயாயிரம் ரூபாய் போதும். ஒரு பழைய போர்டில் சாலிட் ஸ்டேட் ரிலே இணைத்து, சோதிக்கும் போர்டின் மின்சாரத்தைத் தாறுமாறான இடைவெளியில் துண்டித்துக் கொடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி என்றால் 10,000 முறைக்குப் பதினேழு மணி நேரம்; மாலையில் விட்டுப்போனால் மறுநாள் முற்பகலில் முடிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் போர்டு எழுந்ததா, சேமித்த எண் சரியா என்று அதுவே எண்ணிவைக்கும். அடுத்து, மாற்றத்தக்க மின்வழங்கியில் 12 வோல்ட்டிலிருந்து ஒரு நிமிடத்தில் மெல்லப் பூஜ்யத்துக்கு இறக்கி, மறுபடி மெல்ல ஏற்ற வேண்டும். பல போர்டுகள் இதில்தான் விழுகின்றன. மூன்றாவதாக, ஒரு சிறு 24 வோல்ட் ரிலேயின் காயிலை அதன் மூடிய முனை வழியாகவே இணைத்தால் அது மணிபோல் அடித்துக்கொண்டே இருக்கும். எந்தக் காப்பும் இல்லாத அந்தக் காயிலின் கம்பியைப் போர்டின் கம்பிகளோடு ஒரு அடி நீளம் சேர்த்துக் கட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும். லட்ச ரூபாய்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புமுன் இதில் தேறாத போர்டு அங்கேயும் தேறாது. 24 வோல்ட்டில் செய்வதால் மாணவர்கள் கை வைத்தாலும் உயிருக்கு அபாயமில்லை, காயிலின் முனையை மட்டும் தொடக்கூடாது. அங்கே பாயும் பொறி நன்றாகவே அடிக்கும்.

இறுதியாண்டுத் திட்டத்தை மதிப்பிட வரும் பேராசிரியர்களிடம் என் வேண்டுகோள்: மாணவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகுங்கள். ஐந்து முறை செய்யுங்கள். எழவில்லையென்றால் ஏன் எழவில்லை என்று மாணவரிடம் கேளுங்கள். அவர் காரணத்தைச் சரியாகச் சொன்னால் முழு மதிப்பெண் கொடுங்கள். ஸ்டார்ட்டர் வாங்கும் விவசாயிகளும் பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் அதையே செய்யச் சொல்லலாம். ரீசெட் எண்ணிக்கையைக் குறுஞ்செய்தியில் கேட்டால் சொல்லுமா என்றும் கேளுங்கள். சொல்லும் கருவி என்றால், பழுதானபோது மெக்கானிக்கிடம் நீங்கள் காட்ட ஒரு சான்று இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எம்பெடட் மென்பொருள் பொறியாளர்,
கோவை.